கதவுக்கு அந்தப் பக்கம்

ஊருக்குள் ஒரு கருஞ்சிறுத்தை தப்பி அலைகிறது. அது தெரிந்தும், இரவுச் சாப்பாட்டுக்குச் சோளமா இல்லையென்று ஒரு தாய் தன் மகளைக் கடைக்கு அனுப்புகிறாள். போக மாட்டேன் என்று நிற்கும் பிள்ளையை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடுகிறாள். பக்கத்துக் கடை பூட்டியாயிற்று. பிள்ளை இருட்டில் தூரத்துக் கடைக்கு நடந்து, மாவை வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். ரயில் பாலத்துக்கு அடியில் இரண்டு கண்கள் மின்னுகின்றன. அவள் ஓடுகிறாள்.

அவள் வீட்டுக் கதவைத் தட்டும்போது கமெரா வீட்டுக்குள் இருக்கிறது. தாய் நம்பவில்லை, போகாமல் இருக்க மகள் கதை கட்டுகிறாள் என்று நினைக்கிறாள். வெளியே குரலின் தன்மை மாறுகிறது. தாய் பாய்ந்து தாழ்ப்பாளை இழுக்கிறாள். அது இறுகிப்போய்த் திறக்க மறுக்கிறது. சத்தம் அடங்குகிறது. கதவின் அடியிடுக்கால் இரத்தம் வழிந்து உள்ளே வருகிறது.

இது 1943இல் வந்த 'தி லெப்பர்ட் மேன்' படத்தின் காட்சி. தயாரித்தவர் வால் லூட்டன், இயக்கியவர் ஜாக் டூர்னர். கதை நடப்பது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில். ஆனால் இலங்கையின் தேயிலை மலைகளில், மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பொழுது சாய்ந்த பிறகு கடைக்கு அனுப்பப்படும் பிள்ளை, தேயிலைக்குள்ளால் இறங்கும் குறுக்குப்பாதை, எங்கேயோ இருக்கும் சிறுத்தை. எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளில் ஆய்வாளர்கள் பொருத்திய தானியங்கிக் கமெராக்களில் சிறுத்தைகள் பதிவாகியிருக்கின்றன. காட்டுத் துண்டுகளுக்கும் தேயிலை மலைகளுக்கும் இடையே அவை போய்வருகின்றன. கொழுந்து பறிக்க வசதியாக இடுப்பளவில் மட்டப்படுத்தப்பட்ட தேயிலைச் செடி மேலே பச்சைப் பாய் விரித்ததுபோல இருக்கும். அதன் அடியிலோ ஒரு முழு விலங்கு படுத்திருக்க இடமுண்டு. நிரையில் நிற்கும் பெண்ணுக்கு அதன் மேற்பரப்பு மட்டுமே தெரியும்.

அந்தச் சிறுமியைச் சிறுத்தை பாய்ந்து கொல்வதை டூர்னர் ஒரு நொடிகூடக் காட்டவில்லை. திகில் படத்தின் விஞ்ஞானம் முழுவதையும் இந்த ஒரு மறுப்பிலிருந்தே தொடங்கலாம்.

அச்சம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, ஆபத்து கண்முன் வந்துவிட்டபோது எழுவது. மூளையின் பக்கவாட்டு மடல்களுக்குள், பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் அமிக்டலா உடனே வேலை செய்கிறது; இதயம் விரைகிறது, தசை இறுகுகிறது, உடல் ஓடவோ உறையவோ தயாராகிறது. இரண்டாவது, ஆபத்து வரலாம், ஆனால் எப்போது, எங்கிருந்து என்று தெரியாதபோது நீடிப்பது. அமெரிக்க நரம்பியலாளர் மைக்கேல் டேவிஸ், எலிகளை வைத்துச் செய்த பல ஆண்டு ஆய்வுகளின் வழியே, இந்த நீடித்த அச்சத்துக்கு அமிக்டலாவை ஒட்டிய இன்னொரு நரம்பணுத் தொகுதியே முக்கியம் என்று வாதிட்டார். மனித மூளையைப் படம்பிடித்த பிற்கால ஆய்வுகளில் இரண்டு பகுதிகளும் இரண்டு வேலையிலும் பங்கெடுப்பது தெரியவந்தது. எல்லைக்கோடு அவர் வரைந்த அளவுக்குத் துல்லியமாக இல்லை. ஆனாலும் அனுபவத்தில் அந்த வேறுபாடு உண்மையானது. சிறுத்தையை நேரே கண்டவரின் அச்சம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். நேற்று இந்த மலையில் சிறுத்தையின் கால்தடம் இருந்தது என்று காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கேள்விப்பட்டவரின் அச்சம் அன்று மாலை கொழுந்து நிறுக்கும்வரை கூடவே இருக்கும்.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் லௌரி நும்மென்மா குழுவினர் திகில் படங்களைப் பார்ப்பவர்களின் மூளையைப் படம்பிடித்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏதோ சரியில்லை என்ற உணர்வு மெல்லமெல்ல ஏறும்போது, பார்க்கும் கேட்கும் புலன்களுக்குரிய பகுதிகள் கூடுதலாகச் சுறுசுறுப்படைந்தன. திடீர் அதிர்ச்சி வந்ததும், உணர்ச்சிக்கும் முடிவெடுப்புக்கும் தற்காப்புக்கும் உரிய பகுதிகள் முன்னுக்கு வந்தன. அதாவது, காத்திருக்கும் மூளை முடங்கிக் கிடப்பதில்லை, இருட்டைத் துழாவுகிறது. கதவுக்கு உள்ளே கமெராவை நிறுத்திய டூர்னர் நம்மைத் துழாவ வைத்தார். கதவின் மரத்தையே பார்த்துக்கொண்டு, காதால் வெளியே போகிறோம்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் நடந்த இன்னொரு பரிசோதனை 2016இல் வெளியானது. 45 பேர் கணினித் திரையில் வரும் கற்களைப் பார்த்து, எந்தக் கல்லின் கீழ் பாம்பு இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் மெல்லிய மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தவர்கள் மிகவும் பதற்றப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் வியர்வையும் கண்மணியின் விரிவும் உச்சத்தைத் தொட்டது, பாம்பு இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று வாய்ப்பு சரிபாதியாக நின்றபோதுதான். உறுதியான துன்பத்தைவிட உறுதியற்ற துன்பம் உடலை அதிகம் வாட்டுகிறது. நல்ல இயக்குநர் ஒரு காட்சியை இந்தச் சரிபாதிப் புள்ளியில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க முடியும் என்பதை அளந்து அளந்து வேலை செய்கிறார். தாய் திறப்பாளா, மாட்டாளா? அந்தத் தாழ்ப்பாள் இறுகியிருப்பது வெறும் தற்செயலாக எழுதப்பட்டதல்ல.

லூட்டனும் டூர்னரும் அதற்கு முந்திய ஆண்டு எடுத்த 'கேட் பீப்பிள்' படத்தில் இன்னொரு வித்தையைச் செய்திருந்தார்கள். இரவில் பூங்காவோரம் ஒரு பெண் தனியே நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலணிச் சத்தம். பிறகு அது நின்றுவிடுகிறது. சத்தம் நின்றதும்தான் அவள் ஓடத் தொடங்குகிறாள். விலங்கு பாயப்போகிறது என்று நாம் இருக்கையைப் பிடிக்கும் அதே கணத்தில், சீறிக்கொண்டு ஒரு பேருந்து வந்து நிற்கிறது. அந்தச் சீறல் பிரேக்கின் காற்று. பெரிய ஒலிக்குக் கண் சிமிட்டுவது, தோள் ஒடுங்குவது எல்லாம் மூளைத்தண்டிலேயே முடிந்துவிடும் அனிச்சைச் செயல். கண்ணிமை நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூடத் தொடங்கிவிடும். ஆனால் ஏற்கனவே அஞ்சிக்கொண்டிருப்பவரின் உடல் அதே ஒலிக்கு அதிகமாகத் துள்ளும். டேவிஸ் எலிகளில் அளந்தது இதைத்தான். வெறும் சத்தத்தால் மட்டும் நம்மைத் துள்ளவைக்கும் இன்றைய படங்கள் பல, அந்தத் துள்ளலுக்கு முந்திய நடையைச் சம்பாதிக்காமல் அவசரப்படுகின்றன. அதனால்தான் அவை வீடுவரை நம்முடன் வருவதில்லை.

ஒலிக்கும் தன் பங்கு உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேனியல் புளும்ஸ்டைன் அணில் குடும்பத்தைச் சேர்ந்த மார்மொட்களின் அபாயக் குரலை ஆராய்பவர். அஞ்சிய விலங்கு குரல்வளையின் எல்லையைத் தாண்டிக் கத்தும்போது ஒலி கரகரத்துச் சிதறுகிறது, சுருதி திடீரென்று தாவுகிறது. 2010இல் அவரும் சகாக்களும் நூற்றுக்கு மேற்பட்ட புகழ்பெற்ற படங்களின் ஒலித்தடங்களை ஆராய்ந்தபோது, திகில் காட்சிகளில் இத்தகைய சிதறல் கூடியிருப்பதைக் கண்டார்கள். 1960இல் வந்த 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சிக்கு இயக்குநர் ஹிட்ச்கொக் இசையே வேண்டாம் என்றிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கிறீச்சிட வைத்து எழுதிக்கொண்டு வந்ததைக் கேட்ட பிறகு மனம் மாறினார். அந்த வயலின்கள் இசைக்கு முன்பே இருந்த ஒரு மொழியில் பேசுகின்றன. காட்டோரத் தோட்டங்களில் இரவில் மரை திடீரென்று கத்தினால் நாய்கள் ஏன் அடங்கிவிடுகின்றன என்று அங்கே வசிப்பவர்களைக் கேட்கத் தேவையில்லை.

சஸ்பென்ஸின் இலக்கணத்தை எளிதாகச் சொன்னவரும் ஹிட்ச்கொக்தான். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவுடன் பேசிய நீண்ட உரையாடலில் அவர் ஓர் உதாரணம் தந்தார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால், சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும், அது வெடிக்கப்போகும் நேரமும் நமக்கு முன்பே தெரிந்து, மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அவர்கள் பேசும் சாதாரணப் பேச்செல்லாம் பல நிமிடத் தவிப்பாக மாறும். ஆகவே சஸ்பென்ஸ் என்பது அறிவை யாருக்கு, எவ்வளவு, எப்போது பங்கிடுவது என்ற கணக்கு.

இந்தக் கணக்கை இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலேயே போட்டுப் பார்த்த படம் ஒன்று உண்டு. பெரமவுண்ட் நிறுவனத்தின் 'எலிபன்ட் வாக்', 1954. வில்லியம் டீட்டர்லே இயக்கியது. 1953இன் தொடக்கத்தில் விவியன் லீ இலங்கை வந்து நடித்தார்; பிறகு உடல்நிலை குலைந்து விலக, எலிசபெத் டெய்லர் அவருடைய இடத்துக்கு வந்தார். இங்கே எடுத்த சில தூரக் காட்சிகளில் இப்போதும் விவியன் லீயே இருக்கிறார். கதையில், ஒரு பெரிய துரை யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடத்தின் மேலேயே வேண்டுமென்று பங்களா கட்டியிருக்கிறார். மகன் லண்டனிலிருந்து புது மனைவியை அழைத்து வருகிறான். மதிலுக்கு அப்பால் யானைகள். ஹிட்ச்கொக்கின் குண்டு இங்கே மதிலுக்கு வெளியே காத்திருக்கிறது. விருந்துகள், சண்டைகள், காதல், கொலரா எல்லாவற்றின் ஊடாகவும் நாம் அந்த மதிலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருநாள் அவை வரும்.

வரலாற்றில் நடந்தது நேர்மாறானது என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். நுவரெலியாவின் உயரத்தில்கூட யானைகள் நடமாடிய காலம் இருந்தது. கோப்பிக் காலத்துக்கும் முன்பே வேட்டை தொடங்கிவிட்டது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி மட்டும் 1,400 யானைகள் வரை கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. எலிசபெத் டெய்லர் யானைக்கு அஞ்சி ஓடிய காலத்தில், உயர்மலைத் தோட்டங்களில் யானையே பெரும்பாலும் மிச்சமில்லை. துரைமாருக்கு யானை மேல் இருந்த அச்சத்தைப் படம் பெரிதாகக் காட்டியது. அந்த மலைகளில் உண்மையில் அஞ்சி வாழ்ந்தவர்களை, கொலராவில் செத்தவர்களை, கூட்டமாகவும் பின்னணியாகவும் மட்டுமே காட்டியது. தொழில்நுட்பமாக அந்தப் படத்தின் கடைசி அரை மணி நேரத்தை நான் மதிக்கிறேன். அதன் கண் எந்த வாசலில் நின்று பார்க்கிறது என்பதை மன்னிக்க முடியவில்லை.

அதே 1954இல் சென்னையில் ஏ.வி.எம். தயாரித்து, வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' வெளிவந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. கதை 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் நடக்கிறது. 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சைக் கண்டவை. வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது என்றால் என்னவென்று இந்தத் தீவுக்கும் தெரியும். படத்தின் தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடித்து, சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ எஞ்சினியர் ராஜன் விழுந்துவிடுகிறான். கதாநாயகன் முதல் நிமிடத்தில் செத்துவிட்டால் மீதிப் படத்தில் எதற்கு அஞ்சுவது?

இங்கே உளவியலாளர்கள் பிரூவரும் லிக்டென்ஸ்டைனும் 1982இல் செய்த ஒரு பகுப்பு உதவுகிறது. காரணம் தெரிந்து விளைவு தெரியாவிட்டால் சஸ்பென்ஸ். விளைவு தெரிந்து காரணம் மறைக்கப்பட்டால் ஆவல். நமக்குத் தெரியாமலே ஒன்று மறைக்கப்பட்டுத் திடீரென்று வெளிப்பட்டால் வியப்பு. 'எலிபன்ட் வாக்' முதலாவது வகை. 'அந்த நாள்' இரண்டாவது. பக்கத்து வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி, அவன் மனைவி ஹேமா, நடனக்காரி அம்புஜம், மனைவி உஷா என்று ஒவ்வொருவரும் தாம் கண்ட ராஜனைச் சொல்கிறார்கள். ஜாவர் சீதாராமன் நடித்த துப்பறியும் அதிகாரி கேட்டுக்கொண்டே போகிறார். ஒவ்வொரு வாக்குமூலமும் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்துகிறது. குரோசாவாவின் 'ரஷோமோன்' தந்த தைரியம் அதில் தெரிகிறது. ஆனால் பண்டரிபாயின் உஷாவை மையத்தில் வைத்து, கொலையாளி யார் என்ற கேள்வியை, நாட்டுக்கும் கணவனுக்கும் நடுவில் ஒரு பெண் எங்கே நிற்பது என்ற கேள்வியாகத் திருப்பியது பாலச்சந்தருக்கும் கதை எழுதிய ஜாவர் சீதாராமனுக்கும் சொந்தமான சாதனை. எஸ். மாருதிராவின் கமெரா நிழல்களைச் சுவரில் நீளவிட்டு, சாதாரணமான ஒரு சென்னை வீட்டை நம்ப முடியாத வீடாக ஆக்கிவிடுகிறது. பாட்டு இல்லாததன் பலன் இங்கேதான். ஆறு நிமிடப் பாட்டு ஒன்று வந்திருந்தால், அவ்வளவு நேரம் ஏற்றிவைத்த பதற்றம் அங்கேயே வடிந்திருக்கும்.

பதற்றம் ஏறும்போது பார்வைக்கு என்ன ஆகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் மத்தியூ பெஸ்டெக்கும் சகாக்களும், ஹிட்ச்கொக் படங்கள் உட்படச் சில காட்சிகளைத் திரையின் நடுவில் ஓடவிட்டு, ஓரங்களில் கட்டங்களை மினுங்கவிட்டார்கள். 2015இல் வந்த முடிவு: சஸ்பென்ஸ் கூடும்போது ஓரத்துக் கட்டங்களுக்கு மூளை தரும் கவனம் குறைகிறது, நடுக்காட்சிக்கு உரியது கூடுகிறது, தணிந்ததும் பார்வை மறுபடி விரிகிறது. மூடுபனி இறங்கிய நானுஓயாப் பாதையில் நடப்பவருக்கு உலகம் பத்தடியாகச் சுருங்குவதைப் பனி செய்கிறது. திரையரங்கில் அதை மூளையே செய்துகொள்கிறது.

நரம்பியலாளர் உரி ஹாசன் 2008இல் வெளியிட்டது இன்னும் வியக்கத்தக்கது. ஒரே படத்தைப் பலருக்குக் காட்டி, அவர்களுடைய மூளைகள் எந்த அளவுக்கு ஒன்றுபோல் ஏறி இறங்குகின்றன என்று பார்த்தார். ஹிட்ச்கொக்கின் ஒரு தொலைக்காட்சிப் படம் ஓடியபோது, பார்வையாளர்களின் மூளைப் புறணியில் 65 சதவீதத்துக்கு மேல் ஒத்திசைந்தது. பூங்கா ஒன்றில் கமெராவைச் சும்மா நிறுத்தி எடுத்த காட்சிக்கு 5 சதவீதம்கூட இல்லை. தேர்ந்த இயக்குநர் நூறு பேரின் கண்களை ஒரே கதவில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்.

முடிவு தெரிந்த கதையை மறுபடி பார்த்தாலும் ஏன் நெஞ்சு அடிக்கிறது? மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியின் நடுவே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள். சிவன் கண் திறப்பார், மன்மதன் எரிவான், ரதி அழுவாள் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் தவசு கலையும் நேரம் நெருங்க நெருங்கக் கூட்டம் அசையாது. உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் இதை ஆராய்ந்திருக்கிறார். கதைக்குள் இருக்கும் மனம் ஒவ்வொரு கணத்தையும் புதிதாக நடப்பது போலவே எடுத்துக்கொள்கிறது, நினைவில் உள்ள முடிவைத் தேடிப் போவதில்லை என்பது அவர் தரும் விளக்கம். வாழ்வில் எந்தக் கணமும் இரண்டு முறை வராததால், மனத்தின் பழக்கம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஹாசனின் அளவீடு சொல்லாத ஒன்று உண்டு. நூறு மூளைகள் ஒத்திசையும்போது, அவை யாருடைய அச்சத்தோடு ஒத்திசைகின்றன?

பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' (2023) இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்ற படம். இலங்கையில் 2022இன் பொருளாதார நெருக்கடிக் காலம். எரிபொருள் இல்லை, மின்சாரம் போய்ப்போய் வருகிறது. கேரளத்திலிருந்து வந்த கேசவ், அம்ரிதா தம்பதி மலைநாட்டு பங்களா ஒன்றில் தங்குகிறார்கள். இரவில் திருடர்கள் நுழைந்து, கைப்பேசிகளையும் மடிக்கணினிகளையும் எடுத்துப்போகிறார்கள். தொடக்கத்தில் படம் பழைய இலக்கணத்தில்தான் நடக்கிறது: இருட்டு, அந்நிய இடம், உள்ளே நாம், வெளியே அவர்கள். ராஜீவ் ரவியின் கமெரா மலையின் அழகையே கொஞ்சம் கொஞ்சமாக அச்சமூட்டுவதாக மாற்றுகிறது.

பிறகு கேசவ் விடாமல் நெருக்க, பொலிஸ் சார்ஜன்ட் பண்டார மூன்று தமிழ் இளைஞர்களைப் பிடித்து வந்து நிறுத்துகிறார். அவர்கள்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அடி விழுகிறது. ஒருவர் இறந்துபோகிறார். தோட்டம் கொதிக்கிறது. இந்தக் கட்டத்தில் விதானகே சஸ்பென்ஸின் கணக்கை மாற்றிப் போடுகிறார். இதுவரை பங்களாவுக்குள் இருந்தவர்களுக்கு என்ன நேரும் என்று தவித்தோம். இப்போது, அவர்கள் சொல்லும் ஒரு சொல்லால் வெளியே நிற்பவர்களுக்கு என்ன நேரும் என்று தவிக்கிறோம். அம்ரிதாவின் முகம் இந்த மாற்றத்தைத் தாங்குகிறது. தர்ஷனா ராஜேந்திரன் அதிகம் பேசாமலே அதைச் செய்கிறார். அவர் பார்க்கும் திசையில் நம் பார்வையும் திரும்புகிறது.

'எலிபன்ட் வாக்'கிலிருந்து இந்தப் படம்வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். பங்களா அதே பங்களாதான். அறிவின் பங்கீடு மாறியிருக்கிறது. டூர்னர் தாயின் பக்கம் கமெராவை நிறுத்தி, கதவுக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்காக நம்மை அலறவைத்தார். 'எலிபன்ட் வாக்' அந்தக் கமெராவைத் துரையின் வரவேற்பறையில் வைத்தது. விதானகே அதை அங்கேயே தொடங்கி, கண்ணெதிரில் மெல்ல நகர்த்துகிறார். பொலிஸ் நிலையத்தில் மூன்று இளைஞர்கள் நிறுத்தப்பட்டிருக்கும் காட்சியில் வயலின் கிறீச்சிடவில்லை, எதுவும் பாயவில்லை. இவன்தானா என்று கேட்கிறார்கள். பதில் வர எடுக்கும் நேரம்தான் அந்தப் படத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்ட இடம்.